சட்டத்தில் எவர் பெயரும் இல்லை

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தை நம்மில் பலரும் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்றே சொல்கிறோம். சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை இலங்கை 1980இல் ஏற்றது. அதன் சில உரிமைகளுக்கு உள்நாட்டில் வலுக்கொடுக்க வந்ததே இச்சட்டம். தேசிய, இன, மதக் குரோதத்தைப் பரப்பிப் பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டுவதை 3ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. தண்டனை பத்து ஆண்டு வரை. 2007இல் இயற்றப்பட்டபடி, விசேட சூழ்நிலை இருந்தால், மேல் நீதிமன்றமே பிணை கொடுக்கலாம் என்றிருந்தது. சிறுபான்மையினரைக் காக்கச் செய்த கேடயம் என்றே இதை வாசிப்பவர் நினைப்பார்.

நடைமுறை என்ன சொல்கிறது? 2014 ஜூன் 15இல் அளுத்கமையில் கூட்டம் போட்டுப் பகிரங்கமாகவே பேசினார்கள். அன்றே வீடும் கடையும் எரிந்தன, உயிர்களும் போயின. சட்டம் பிறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த உரைகளுக்காக இதன் கீழ் எவரும் தண்டிக்கப்படவில்லை.

2019 மே மாதம் ஹசலக்கையில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் உடையிலிருந்த சக்கரம் தர்மச்சக்கரம் என்றார்கள்; அது கப்பலின் சுக்கான் சக்கரம். இரண்டு கிழமைக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 2020 ஏப்ரல் 9இல் ஓய்வுபெற்ற அரச அதிகாரி றம்ஸி ராஸிக் கைதானார். பேனையாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் நடத்த வேண்டும் என்று முகநூலில் எழுதியதுதான் காரணம். பிணை கிடைக்கச் செப்டம்பர் 17 வரை காத்திருந்தார். ஆயுதம் வேண்டாம், எழுத்துப் போதும் என்பவரைத்தான் வன்முறையைத் தூண்டியவராகக் கண்டார்கள்!

2018இல் திகன வன்முறையின் பின் பெரும்பான்மையினர் சிலரும் இச்சட்டத்தில் கைதானார்கள். 2019இல் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவும் உள்ளே போனார். அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அவரைப் பிடிக்க வைத்ததும் பிக்குகளின் முறைப்பாடுதான். யாருடைய முறைப்பாட்டுக்குப் பொலிஸ் ஓடுகிறது, யாருடையது மேசையில் கிடக்கிறது என்பதிலேயே பாரபட்சம் ஒளிந்திருக்கிறது. சட்ட வாசகத்தை எத்தனை தரம் வாசித்தாலும் அது கண்ணில் படாது.

றம்ஸி ராஸிக்கின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பத்து இலட்சம் ரூபாய் நட்டஈடும் வழங்கச் சொன்னது. சிறையில் கழிந்த ஐந்து மாதத்தை எந்த நட்டஈடும் திருப்பித் தராது. என்றாலும் தீர்ப்பு வரலாற்றில் பதிவாகிவிட்டது.

நாம் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைதானவர்களின் கதை வழக்கேட்டில் இருக்கும்; கைதாகாதவர்களின் கதை எங்கேயும் இருக்காது. பாரபட்சத்தை நிரூபிக்க இரண்டும் வேண்டும். ஆகவே நமக்கெதிரான வெறுப்புப் பேச்சு பற்றி முறைப்பாடு கொடுத்தால் அதன் இலக்கம், திகதி, பிரதி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பு தரும் அவகாசம் ஒரே ஒரு மாதம்தான். பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதற்கென்று ஒரு கோப்புத் திறந்தாலே போதும். நாளைய வரலாற்றாசிரியருக்கும் வழக்கறிஞருக்கும் அதுதான் சாட்சி.