பொத்தான் திரும்பி வந்த கதை

நான் கணினி அறையில் வேலை பார்த்த காலத்தில், சம்பளக் கணக்கை ஓட்டும் முன் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். "எல்லாம் வந்தாச்சா, ரன் கொடுக்கலாமா?" என்று அதிகாரியிடம் கேட்ட பிறகே விசையைத் தட்டுவோம். பின்னாளில், குறித்த நேரத்தில் தானாகவே ஓடும்படி அதை மாற்றினார்கள். ஒரு மாதம் விடுப்புக் கணக்கு வந்து சேரவில்லை. இயந்திரத்துக்கு அது எப்படித் தெரியும்? நேரமானதும் ஓடிவிட்டது. பலருக்குச் சம்பளம் தப்பாகப் போயிற்று. அன்றைய தேதிக்கு எதிரே பதிவேட்டில் கையெழுத்தே இல்லை. யாரைக் கேட்பது?

மென்பொருள் எழுதுபவர்களும் இதே பாதையில்தான் வந்திருக்கிறார்கள். 1976இல் பெல் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். ஒரு கட்டளை தட்டினால், மாறிய பகுதிகளை மட்டும் அது மறுபடி தொகுத்துத் தரும். ஆனால் தட்டுவதற்கு ஆள் வேண்டும். 2001இல் வந்த 'குரூஸ் கன்ட்ரோல்' அந்த ஆளையும் விலக்கியது. நிரல் மாறும்போதெல்லாம் தானே தொகுத்துச் சோதித்தது. அதன் பின் வந்த 'ஜென்கின்ஸ்', தானாகவும் ஓடும். 'பில்ட் நவ்' என்பதை அழுத்தினாலும் ஓடும்.

பலர் சேர்ந்து நிரல் எழுத, அதைச் சேர்த்து வைக்கும் இணையக் கிடங்குதான் கிட்ஹப். அங்கே 'ஆக்‌ஷன்ஸ்' என்ற தானியங்கி வசதி 2018இல் அறிவிக்கப்பட்டு, 2019 நவம்பரில் எல்லோருக்கும் கிடைத்தது. நிரலில் மாற்றம் வந்தால் ஓடும். கடிகாரம் பார்த்தும் ஓடும். ஆனால் "இப்போது ஓட்டு" என்று சொல்ல ஒரு பொத்தான் இல்லை! அதை ஓட வைப்பதற்காகவே, ஒன்றும் மாற்றாமல் வெற்று மாற்றம் ஒன்றைப் பதிந்தவர்கள் உண்டு.

2020 ஜூலையில் 'ஒர்க்ஃப்ளோ டிஸ்பேட்ச்' வந்தது. பணிகளை விவரிக்கும் கோப்பில் அந்தச் சொல்லைச் சேர்த்தால், 'ரன் ஒர்க்ஃப்ளோ' என்ற பொத்தான் தோன்றும். எந்தக் கிளை நிரலை ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கலாம். சோதனைக்கா, வாடிக்கையாளர் பயன்பாட்டுக்கா என்பது போன்ற விவரங்களையும் கேட்டு வாங்கும்படி அமைக்கலாம்.

சோதனைகள் தானாக ஓடட்டும், நல்லதுதான். ஆனால் புதிய பதிப்பை மக்கள் கையில் கொடுக்கலாமா என்பது நேரம் பார்த்து முடிவு செய்யும் காரியமல்ல. எல்லாம் வந்தாச்சா என்று ஒருவர் பார்க்க வேண்டும்.

என் மகள் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எதிரே, பொத்தானை அழுத்தியவர் பெயர் இருந்தது. எங்கள் பழைய பதிவேடுதான்.