கரிசல் பஞ்சும் பொருநைத் தண்ணீரும்

கரிசலுக்கு மண் உண்டு, வெயில் உண்டு, மனிதர்கள் உண்டு, சரித்திரம் மட்டும் கிடையாது என்ற பொருள்பட இந்தப் பக்கங்களில் முன்பு ஒரு கட்டுரை எழுதினேன். கரிசல் எழுத்தில் ஓடும் காலம் பருவங்களின் காலமே தவிர ஆண்டுகளின் காலம் அல்ல என்பது அதில் நான் வழங்கிய தீர்ப்பு. இரண்டு நண்பர்கள் பாராட்டினார்கள். மூன்றாமவர் தபால் கார்டில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'பாபநாசம் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கலாம்.' அந்த வரி ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. போன மாதம் இரண்டு நாள் லீவு போட்டுப் போய் வந்தேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் அல்ல. பொருநை மலையை விட்டுச் சமதளத்தில் இறங்கும் இடத்திலிருக்கும் பாபநாசம், அதையொட்டி விக்கிரமசிங்கபுரம். ஊர்க்காரர்களுக்கு வி.கே.புரம். கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு, கங்கைகொண்டான் வழியாகத் திருநெல்வேலி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே நமக்குப் பழகிய வெட்டவெளி. திருநெல்வேலியில் பஸ் மாறி மேற்கே திரும்பினால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வயலும் வாழையுமாக வந்துகொண்டே இருக்கிறது. அரை நாள் பிரயாணத்துக்குள் விவசாயியின் கவலையே வேறாகிவிடுகிறது. எங்கள் ஊரில் மழை பெய்யுமா என்று கேட்பார்கள். இங்கே மடையை எப்போது திறப்பார்கள் என்று கேட்கிறார்கள். இந்த ஆற்றின் அணைக்கட்டு ஒன்றுக்கு நதியுண்ணி என்று பெயர். பெயர் வைத்தவனுக்குக் கவிதை தெரிந்திருக்க வேண்டும்.

வி.கே.புரத்துக்கு ஆலை வருவதற்கு முன்பே தமிழில் பேர் உண்டு. சிவஞான மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் பிறந்த ஊர் அது. அவர் 1785-ல் மறைந்தார். ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து, 1880-களின் நடுவில், அதே ஊர் ஆற்றங்கரையில் ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை எழுந்தது. ஆண்ட்ரூ ஹார்வி, ஃப்ராங்க் ஹார்வி, ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்களுடைய வியாபார நிறுவனம் 1883-ல் தொடங்கியது. பாபநாசத்து ஆலைக்குத் திருநெல்வேலி மில் என்று பெயர். அதற்குப் பின் தூத்துக்குடியில் கோரல் மில், அப்புறம் மதுரை மில். பின்னாளில் எல்லாம் மதுரா மில்ஸ் என்ற ஒரே பெயருக்குள் வந்து, 1974-ல் மதுரா கோட்ஸ் ஆயிற்று.

ஆற்றுப் பாலத்தருகே நின்றுகொண்டிருந்தபோது எனக்குத் தோன்றிய முதல் கேள்வி அற்பமானது: பருத்தி விளையாத இடத்தில் பஞ்சாலை எதற்கு? சுற்றிலும் நெல். பருத்தி விளைவது கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசலில். மதுரை தூத்துக்குடி ரயில் 1876-ல் வந்துவிட்டது. மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளைப் பாதையும் அப்போதே போட்டாயிற்று. ஆனால் திருநெல்வேலிக்கு மேற்கே தண்டவாளம் போக இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. எனவே ஆலையின் முதல் இருபது வருஷம் கரிசல் பஞ்சு மேற்கே மலையடிவாரம்வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர் மாட்டு வண்டியில்தான் போயாக வேண்டும். நூலாகி மறுபடி வண்டியில் கிழக்கே திரும்ப வேண்டும். ஒரு வியாபாரி இந்தக் கஷ்டத்துக்கு உடன்படுகிறான் என்றால் அதைவிடப் பெரிய லாபம் ஒன்று அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த லாபம், தண்ணீர் விழுகிறது என்பதுதான். இந்த ஜில்லாவில் நிலக்கரி கிடையாது. கடல்வழி வரும் கரி துறைமுகத்தை விட்டு உள்ளே நகர நகர விலை ஏறும். மலையிலிருந்து விழும் பொருநைக்கு விலை இல்லை. 1771-ல் இங்கிலாந்தின் டெர்வென்ட் பள்ளத்தாக்கில், க்ராம்ஃபோர்டில், ஆர்க்ரைட் தண்ணீரை வைத்துக் கதிர் சுற்றினான். தொழிற்புரட்சியின் முதல் பாடம் அது. லங்காஷயர் அந்தப் பாடத்தை மறந்து நீராவிக்கு மாறிய பிறகு, நூறு வருஷம் கழித்து, அகஸ்தியர் மலையடிவாரத்தில் அதை இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் மறுபடி படித்தார்கள். கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தோடு சேர்த்து எனக்குத் தொழிற்புரட்சி சொல்லிக் கொடுத்தார்கள். டெர்வென்ட் தெரிந்தது. வீட்டிலிருந்து அரை நாள் தூரத்தில் இருக்கும் இது தெரியவில்லை.

இங்கேதான் என் பழைய கட்டுரை கலையத் தொடங்கியது. ஏனென்றால் அதே 1880-களில் கரிசலுக்குள்ளேயே ஓர் ஆலை எழுந்து நொடித்திருக்கிறது. எட்டயபுரத்தில் அதை வைத்தவர் சின்னசாமி ஐயர். பாரதியின் தகப்பனார். எட்டயபுரம் ஜமீனைச் சார்ந்து வாழ்ந்தவர், இயந்திரங்களில் ஈடுபாடு கொண்டவர், பருத்தி ஆலை வைத்தார், நஷ்டப்பட்டார், 1898-ல் இறந்தார். பாரதி சரித்திரம் எழுதிய எல்லோரும் ஒரு பாராவில் இதைச் சொல்லிவிட்டு மகனைக் காசிக்கு அனுப்பிவிடுகிறார்கள். பாரதியே சுயசரிதையில் தகப்பனார் பொருள் இழந்ததைப் பாடியிருக்கிறார். அதை நாம் ஒரு பிள்ளையின் துக்கமாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம்.

துக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாபநாசத்தில் நின்று பார்த்தால் அந்தத் துக்கத்துக்கு ஒரு பூகோளம் இருப்பது தெரிகிறது. பிரிட்டிஷ் வியாபாரப் போட்டி அவரை விழுத்தாட்டியது என்று சொல்வது வழக்கம். போட்டி உண்மை. அதோடு என் ஊகம் ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: எட்டயபுரத்தில் பருத்தி காலடியில் கிடந்தது, இயந்திரத்தைச் சுற்றுவதற்கு ஆறு இல்லை, ஊர் வாசலில் ரயில் இல்லை, கரி இல்லை. ஹார்விக்குப் பஞ்சைத் தூக்கிக்கொண்டு தண்ணீரிடம் போக முடிந்தது. சின்னசாமி ஐயரால் தண்ணீரை எட்டயபுரத்துக்குத் தூக்கி வர முடியாது. ஆற்றங்கரை ஆலை பிழைத்தது, கரிசல் ஆலை செத்தது. தகப்பனார் போன பின் பதினாறு வயதுப் பையன் காசிக்குப் போனான். நவீன தமிழ்க் கவிதையின் பிறப்பை நாம் மேல்நாட்டுக் கவிகளின் பாதிப்பிலிருந்து தொடங்குகிறோம். ஓர் இயந்திரம் நின்றுபோனதிலிருந்தும் தொடங்கலாம்.

இதைச் சொன்னால் நம் வட்டத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். கவிதைக்குப் பொருளாதாரக் காரணம் தேடுகிறான், கட்சிக்காரன் ஆகிவிட்டான் என்பார்கள். காரணம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த உண்மை என்கிறேன். பக்கத்தில் இருப்பதைப் பார்க்காத விமர்சனம் எதற்கு?

1908 எல்லோருக்கும் தெரியும். கோரல் மில் தொழிலாளர்கள் பிப்ரவரி 27-ல் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கூலி உயர்வும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கேட்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. இதை நாம் சுதேசிக் கப்பலோடு சேர்த்துக் கடல் சம்பந்தமான கதையாக நினைவில் வைத்திருக்கிறோம். வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம் கரிசல். கோரல் மில்லில் நூற்ற பஞ்சு கரிசல் பஞ்சு. பஞ்சு வந்த அதே வண்டித் தடத்தில்தான் கூலிக்கு ஆட்களும் துறைமுகத்துக்குப் போயிருப்பார்கள். வேலைநிறுத்தம் நடந்தபோது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்த ஆஷ், 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போகிறவன் எவனும் அந்தப் பிளாட்பாரத்தைத் தாண்டித்தான் போகிறான். நூறு தடவையாவது தாண்டியிருப்பேன். அந்த நிலையத்தில் டீ நன்றாக இருக்காது என்பது ஒன்றுதான் எனக்கு அதைப் பற்றி இருந்த அபிப்பிராயம்.

மாலையில் கல்யாண தீர்த்தத்துக்கு ஏறினேன். ஆலைக்கு மேலே, அதே தண்ணீர். வாஞ்சிநாதனோடு சம்பந்தப்படுத்திப் பேசப்படும் வ.வே.சு. ஐயர், 1925 ஜூனில், தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய் மகளோடு இங்கே மாண்டார். சேரன்மகாதேவி குருகுலத்தின் சர்ச்சை அடங்காத நாட்கள் அவை. 'குளத்தங்கரை அரசமரம்' முதல் சிறுகதையா என்ற விவகாரத்தில் எனக்கு ருசி இல்லை. பாறை மேல் உட்கார்ந்திருந்தபோது அந்த விவகாரம் இன்னும் சின்னதாகத் தெரிந்தது. தண்ணீர் சத்தம் பலமாக இருந்தது, அவ்வளவுதான்.

கீழே இறங்கி வரும் வழியில் மின் நிலையம். பாபநாசம் அணை 1940-களின் தொடக்கத்தில் கட்டி முடிந்தது. 1944-ல் மின்சாரம் வந்தது. ஹார்வி இந்த விழுநீரைத் தன் ஆலைச் சக்கரத்துக்கு எடுத்துக்கொண்டார். மாகாண அரசு அதையே கம்பியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியது. பைக்காரா மின்சாரம் 1932-ல் வந்த பிறகு கோயம்புத்தூர் ஆலைகள் எப்படிப் பெருகின என்பது தெரிந்த கதை. மின்சாரம் வந்துவிட்டால் ஆலை ஆற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. கோவில்பட்டியில் லட்சுமி மில்லும் லாயல் மில்லும் ஆறில்லாத கரிசலில் ஓடின. மில் சங்குக்குத்தான் நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்புவோம். எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்குக் கிடைக்காத பொருள் இரண்டு தலைமுறை தாமதமாகக் கரிசலுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் வந்தது மின்சாரமும், பின்னால் குழாய்த் தண்ணீரும். பாசனம் வரவில்லை. கரிசல் மானாவாரியாகவே இருந்தது. கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சி நிலையம் 1901-ல் தொடங்கியது. அது கருங்கண்ணிப் பருத்தியைப் பொறுக்கிப் பொறுக்கி மேம்படுத்தியது. கருங்கண்ணி வெயில் தாங்கும், மழை தவறினாலும் கொஞ்சமாவது கொடுக்கும். இழை மட்டும் நீளம் கிடையாது. உலகச் சந்தையில் அந்தப் பஞ்சுக்குத் 'தின்னவேலி' என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861-65 வருஷங்களில் அங்கே பருத்தி தடைப்பட்டதும் இந்தப் பஞ்சின் விலை ஏறியது. போர் முடிந்ததும் இறங்கியது. புரட்டாசியில் விதை ஊன்றிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சம்சாரிக்குத் தன் விலையை வர்ஜீனியாவில் யாரோ நிர்ணயிக்கிறார்கள் என்பது தெரிந்திருக்காது. தெரியாததனால் அவன் சரித்திரத்துக்கு வெளியே இருந்தான் என்று ஆகுமா? நான் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) அம்பாசமுத்திர நெசவாளர்களைப் பற்றிய நாவல். பிரசாரம் என்று சொல்லி அதை நாம் ஒதுக்கியாயிற்று. ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். வடிவம் பற்றிய என் ஆட்சேபணை இன்றும் மாறவில்லை. ஆனால் நூல் கிடைக்காமல் தறி நிற்கும் வீடுகளை, நூற்பாலைக்கு நாலைந்து மைல் தூரத்தில் வைத்துப் பார்க்கிற தைரியம் அதில் இருக்கிறது. கி.ரா.வின் எழுத்தில் பருத்தி செடியாகவும் மார்கட்டாகவும் இருக்கிறது; ரகுநாதனிடம் நூலாக இருக்கிறது. நடுவில், பஞ்சு நூலாகிற இடத்தில், இந்த ஆலைக்குள் நுழைந்த தமிழ் நாவல் ஒன்றை நான் படித்ததில்லை. கரிசல் இலக்கியம், நெல்லை இலக்கியம் என்று நாம் போட்டுக்கொண்ட வரப்பு அந்த இடத்தில்தான் ஓடுகிறது.

மறுநாள் காலை டீக்கடையில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். மில்லில் புளோரூமில் இருந்து ரிட்டயர் ஆனவர். எண்பது இருக்கும்.

"எந்தூரு தம்பி?"

"கோவில்பட்டி, அண்ணாச்சி."

"கரிசக்காட்டுக்காரரா!" என்று என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க ஊர்ப் பஞ்சு பேல ஒடைச்சா எங்களுக்கு ஒடனே தெரியும். கறுப்பா மண்ணு ஒட்டிக்கிட்டு வரும். நம்ம ஊரு மண்ணு அப்படி கெடையாதுல்லா. தட்டுனா உதிரும். சாயந்தரம் கூட்டினா ஒரு முறம் தேறும்."

"அந்த மண்ணை என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய? வெளிய கொட்டிருவோம். மழ பேஞ்சா ஆத்தோட போயிரும்."

இப்போது அந்த மண்ணும் வருவதில்லை. பாங்கியில் பயிர்க்கடன் மனுக்கள் என் மேஜை வழியாகத்தான் போகின்றன. பயிர் என்ற கட்டத்தில் மக்காச்சோளம், உளுந்து, பாசி என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. பருத்தி என்று எழுதுவது அபூர்வம். கருங்கண்ணி என்று நான் ஒரு தடவைகூட எழுதியதில்லை. ஒன்றிரண்டு பேர் ஆசைக்காக மறுபடி போட்டுப் பார்ப்பதாகக் கேள்வி. கடன் கேட்டு அவர்கள் வருவதில்லை.

ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் முறை. சீவலப்பேரியில் பொருநையிலிருந்து எடுத்துக் குழாயில் வரும் தண்ணீர். அம்மா குடங்களை வரிசையாக வைத்திருந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு நானும் குழாயடியில் போய் நின்றுகொண்டேன்.