டிராம்பே சிம்னியும் ஒரு பெருக்கல் கணக்கும்

எங்கள் செம்பூர் கட்டடத்து மொட்டை மாடியில் நின்றால், டிராம்பே அனல்மின் நிலையத்தின் சிம்னிகள் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள். "அப்பா, அங்கேருந்து நம்ம வீட்டுக்கு நேரா 230 வோல்ட்லயே அனுப்பலாமே, நடுவுல எதுக்கு அவ்ளோ பெரிய டவர்?" நான் படித்தது பி.காம்., ஆனாலும் பெருக்கல் வகுத்தல் வருமே என்று பேப்பரோடு உட்கார்ந்தேன் :-)

வாட் = வோல்ட் × ஆம்பியர். கம்பியில் சூடாகி வீணாவது = ஆம்பியரின் வர்க்கம் × கம்பியின் தடை. அந்த 'வர்க்கம்'தான் வில்லன். ஆம்பியர் இரண்டு மடங்கானால் நஷ்டம் நாலு மடங்கு.

மும்பை மின்சாரத்தின் வரலாறே இந்தக் கணக்கோடு பின்னியதுதான். 1915ல் டாடாவின் கோபோலி நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. லோனாவ்லா பக்கத்து ஏரித் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்கி டர்பைனைச் சுற்ற, கரண்ட் பம்பாய்த் துணி மில்களுக்கு வந்தது. ஊர் வளர வளர மழைத்தண்ணீர் மட்டும் போதவில்லை. 1956ல் டிராம்பே அனல்மின் நிலையம் வந்தது. 1984ல் நாட்டின் முதல் 500 மெகாவாட் அலகும் இங்கேதான்.

(டிராம்பே என்றதும் 'அணுக் கரண்ட்' என்று நினைப்பவர்கள் உண்டு. 1956 ஆகஸ்டில் இயங்கிய அப்சரா ஆராய்ச்சி உலை. அதன் 1 மெகாவாட் வெப்பக் கணக்கு, மின்சாரம் அல்ல.)

இப்போது மகளின் கேள்வி. 500 மெகாவாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் சுமார் 21.7 லட்சம் ஆம்பியர். எந்தக் கம்பி தாங்கும்? அதையே 220 கிலோவோல்ட் மும்முனை லைனில் அனுப்பினால் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 1,312 ஆம்பியர்தான். (மூன்று முனை என்பதால் 1.732 ஆலும் வகுக்க வேண்டும்.) டவர் உயரமாக இருப்பது அந்த வோல்ட்டுக்காக.

நம்ம லோக்கல் ரயிலும் இதே கதை. 1925 பிப்ரவரி 3 அன்று வி.டி.‍–குர்லா இடையே 1,500 வோல்ட் டிசியில் முதல் மின்சார ரயில் ஓடியது. ஹார்பர் லைன் 25,000 வோல்ட் ஏசிக்கு மாறி முடிந்தது 2016ல். வோல்ட் 16.7 மடங்கு. அதே வேலைக்கு, அதே கம்பியில் நஷ்டம் ஏறக்குறைய 278ல் ஒரு பங்கு.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. தாராவியில் நாலு பேச்சிலர்கள் தங்கியிருந்த நாட்களில், குளிருக்கு வெந்நீர் வேண்டி மெலிசான எக்ஸ்டென்ஷன் ஒயரில் 2,000 வாட் ஹீட்டர் சொருகினோம். 2,000 ÷ 230 = 8.7 ஆம்பியர். கால் மணி நேரத்தில் ஒயர் உருகி, பக்கத்துப் பாயில் தீப்பிடித்தது. படுத்திருந்த நண்பன் விழித்துக்கொண்டதால் தப்பித்தோம்.

அன்று இந்த வகுத்தல் தெரிந்திருக்கவில்லை. உங்கள் வீட்டு கீசர், ஏசி மேல் எழுதியிருக்கும் வாட்டை 230ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 6ஐத் தாண்டினால் 16 ஆம்பியர் பிளக், அதற்கேற்ற கனமான ஒயர். பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள், நன்றாகப் போடுவார்கள்!