சோப்புக்குத் தலைப்பு இல்லை

காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், சங்கரன்கோவில் பக்கத்துச் சிவகிரியில் என்ன செய்கிறான் என்று சிலர் கேட்கிறார்கள். மனைவிக்கு இது பிறந்த ஊர். மலையடிவாரம், நல்ல காற்று. ஓய்வூதியம் எங்கிருந்தாலும் வரும். ஆகவே வந்துவிட்டோம்.

போன வாரம் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி வந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டார்கள். குழாயடியில் விரல்களை நனைத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"தாத்தா, இது கை கழுவுறது இல்ல, கை நனைக்கிறது" என்றாள்.

"யாரு சொன்னா, டீச்சரா?"

"டீச்சர் இல்ல. சத்துணவு ஆயா. சோப்புப் போட்டுத் தேய்க்காதவங்களுக்குத் தட்டு கடைசியிலதான்."

எழுந்து போய்ச் சோப்புப் போட்டேன். எழுபது வயது தாண்டியவனை ஒரு வார்த்தையில் எழுப்பும் பழக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எப்படி உண்டாகிறது என்ற யோசனை அன்று முழுக்க விடவில்லை. அதோடு ஒரு பழைய கோப்பும் நினைவுக்கு வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் காலையில் வகுப்புக்குள் நுழையும் முன் வரிசையாக நிற்க வேண்டும். இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும், முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை. நகத்தில் அழுக்கு இருந்தால் மெத்ரு (ஆசிரியரை அப்படித்தான் அழைப்போம்) மரஅளவுகோலால் விரல் நுனியில் ஒன்று வைப்பார். நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? பள்ளிக்கு வரும் வழியில் வேப்பங்குச்சியால் நகத்தைச் சுரண்டிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை யாரும் சுரண்டியதில்லை. அளவுகோல் இருந்தவரை சுத்தமும் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பிரான்சிலேயே இந்த விஷயம் எப்படி இருந்தது என்பதைப் பிற்பாடு படித்து வியந்திருக்கிறேன். 1956 வரை அங்கே பள்ளி உணவகங்களில் சிறுவர்களும் சாப்பாட்டோடு திராட்சை மது குடிக்கலாம். அந்த ஆண்டுதான் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1954இல், பிரதமராக இருந்த பியேர் மெந்தேஸ் பிரான்ஸ் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க ஏற்பாடு செய்தார். தாமே எல்லோர் முன்னிலையிலும் பால் குடித்துக் காட்டினார். பத்திரிகைகள் அவரைக் கேலி செய்தன.

எங்கள் பக்கத்தவர்களுக்கு அந்தப் பெயர் வேறு காரணத்தால் தெரியும். அவர் பிரதமராக இருந்தபோதுதான் 1954 அக்டோபர் 18இல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் புதுச்சேரியும் காரைக்காலும் மாகேயும் ஏனாமும் கைமாறின.

இனி நம் பக்கத்துக் கதை. பள்ளியில் உணவு என்றதும் காமராசரும் எம்.ஜி.ஆரும் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கும் முன்னால் ஒரு முயற்சி இருந்தது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க மன்றம் ஒப்புதல் அளித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் நீட்டித்தார்கள். பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது.

1925இல் அது நின்றது. தொடக்கக் கல்விக்கான நிதியில் சாப்பாட்டுச் செலவை எழுதக் கூடாது என்று ஆங்கில அரசு சொல்லிவிட்டது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சாப்பாடு கெட்டது என்றோ, பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றோ யாரும் சொல்லவில்லை. கணக்கில் எழுதத் தலைப்பு இல்லை என்றார்கள். அந்த வாக்கியத்தை எழுதிய எழுத்தரின் முகம் எனக்குத் தெரியும் போலிருந்தது.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிப் பகுதியில் 1930களிலேயே பள்ளியில் மதிய உணவு வந்துவிட்டது. சென்னை மாநிலம் காமராசருக்காகக் காத்திருந்தது. சேரன்மாதேவி பக்கம் ரயில்வே கேட்டில் கார் நின்றபோது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம், "ஏன் பள்ளிக்குப் போகவில்லை?" என்று கேட்டாராம். "போனா சோறு போடுவீங்களா?" என்று அவன் திருப்பிக் கேட்டானாம். இந்த வட்டாரத்தில் இதை ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். 1956இல் இங்கிருந்து தொலைவில்லாத எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதற்கு ஓடியாடி உழைத்தார். முதலில் ஊர்மக்களிடம் நெல்லும் விறகும் திரட்டித்தான் பல இடங்களில் உலை வைத்தார்கள். 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால் பவுடரும் எண்ணெயும் தானியமும் அனுப்பியது.

என் மனைவி அந்தச் சோறு சாப்பிட்டவள். "சோறு நல்லாத்தான் இருக்கும். குழாய் கிடையாது. வாய்க்காலுக்கு ஓடிப்போய்க் கையை முக்கிட்டு வருவோம். தண்ணி இல்லாத மாசம் பாவாடையில துடைச்சுக்கிட்டுத் தின்போம்" என்பாள். வயிற்றுப்போக்கும் பூச்சித் தொல்லையும் வீட்டுக்கு வீடு உண்டு. போட்ட சோற்றில் பாதியைக் குடற்புழு தின்றது என்பது என் எண்ணம்.

1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கினார். முதலில் கிராமங்கள், அதே செப்டம்பரில் நகரங்கள், 1984இல் பதினைந்து வயது வரை என்று விரிந்தது. "கஜானா தாங்குமா?" என்று அன்று பேசாத அலுவலகம் இல்லை. ஆனால் இந்த முறை தனி ஊழியர்கள், தனிச் செலவுத் தலைப்பு எல்லாம் போட்டே தொடங்கினார்கள். விதவைகளும் ஆதரவற்ற பெண்களும் ஏராளமாக வேலைக்கு வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பல்பொடியும் செருப்பும்கூடக் கொடுத்தார்கள். பல்பொடியைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகத்தான் உடம்பில் ஏறுகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. செருப்பு ஒரு மருந்து என்று யார் சொல்லித் தந்தார்கள்?

பிறகு வந்தவர்களும் இதைக் கைவிடவில்லை. கலைஞர் ஆட்சியில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010இல் வாரத்துக்கு ஐந்து என்றானது. ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதம் வந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர உத்தரவிட்டது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று பள்ளிகளிலேயே அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவுத் திட்டத்தை மு.க. ஸ்டாலின் தொடங்கினார். மறு ஆண்டு ஆகஸ்டில் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. ஆயிரம் விளக்குப் பள்ளியின் சிற்றுண்டி, ஏறக்குறைய நூற்றிரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தது.

இப்போது அந்தக் கோப்பு.

1980களில் நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஒரு கிராமப் பள்ளித் தலைமையாசிரியை மனு அனுப்பியிருந்தார். மதிய உணவுக்கு முன் பிள்ளைகள் கை கழுவ இரண்டு குழாயும், மாதம் சில கட்டிச் சோப்பும் வேண்டும் என்று அரைப் பக்கம். குழாயைக் கட்டட வேலைப் பிரிவுக்குத் திருப்பினேன். சோப்புக்கு, "உணவு இனத்தில் சோப்பு வராது, சில்லறைச் செலவினத்தில் ஒதுக்கீடு இல்லை, மனுவைத் திருப்பலாம்" என்று குறிப்பு எழுதினேன். மேலே கையெழுத்தானது. மனு திரும்பிப் போனது. விதிப்படி அதில் ஒரு தவறும் இல்லை. நல்ல கையெழுத்து என்று மேலாளர் பாராட்டினார்.

அந்த அம்மையார் மறுபடி எழுதினார். மறுபடியும் அதே பதிலை எழுதினேன். மூன்றாவது மனு வரவில்லை. தன் சம்பளத்தில் சோப்பு வாங்கிக்கொண்டாரா, சலித்து விட்டுவிட்டாரா, நான் விசாரிக்கவில்லை. விசாரிப்பது என் வேலை இல்லை என்று நினைத்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவினால் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் படித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்பது மனுவிலேயே இருந்தது. எனக்கு அந்த எண் நினைவில் இல்லை.

1925இல் எழுதிய எழுத்தரை நான் ஏன் குறை சொல்லவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பேத்தியின் பள்ளிக்கு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். சுவரோரம் நீளமாக ஒரு குழாய், அதில் பல திருகுகள். சோப்பைப் பழைய காலுறையில் போட்டு, திருகுக்கு ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே விழாது, யாரும் எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. அளவுகோல் யார் கையிலும் இல்லை. பெரிய பிள்ளைகள் சின்னதுகளின் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டார்கள். ஆயா சட்டுவத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவே. தண்ணீர், சோப்பு, தினமும் ஒரே நேரம், பக்கத்தில் அதையே செய்யும் இன்னொரு பிள்ளை. எங்கள் மெத்ரு வருடக்கணக்கில் அளவுகோலால் செய்ய முடியாததை இவை செய்துவிட்டன.

"சோப்பு யாரு வாங்குறது?" என்று ஆயாவிடம் கேட்டேன்.

"தீர்ந்துபோச்சுன்னா பள்ளிக்கூடத்துல வாங்குவாங்க சார். இல்லாட்டி நாங்க யாராவது வாங்கி வைப்போம்" என்றார்.

மறுநாள் கடைத்தெருவில் இரண்டு டஜன் சோப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். ரசீது கேட்கவில்லை. எந்தத் தலைப்பிலும் எழுதவில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிப் பக்கம் போனால் குழாயடியையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். மனு அரைப் பக்கம்தான் இருக்கும்.