சுவரில் தொங்கிய சட்டம்

சிவகாசியில் கேரம் ஆடியிருக்கிறீர்களா? சிவப்பைப் போட்டால் அடுத்த காயையும் உடனே போட்டாகணும் என்பார் ஒருவர். ‘எங்க தெருவுல அப்படியெல்லாம் கிடையாதுப்பா’ என்பார் எதிராளி. பாதி நேரம் சண்டையிலேயே போகும்!

வெள்ளைக்காரத் துரைமார்களுக்கும் இதே தலைவலி இருந்திருக்கும். 1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேஜையில் சிவப்புப் பந்துகளோடு வேறு வண்ணப் பந்துகளையும் கலந்து ஆடிப் பார்த்தார். சுலபமான பந்தைக் கோட்டைவிட்ட நண்பரை ‘ஸ்நூக்கர்’ என்று கிண்டலடித்தார். ராணுவக் கல்லூரியில் முதல் வருஷ மாணவர்களுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் அது. ஆட்டத்துக்கே அதுதான் பெயராகிவிட்டது. (பிற்பாடு ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்ட பிரதமர் சேம்பர்லின் வேறு ஆள், குழப்பிக்கொள்ளாதீர்கள்!)

பெயர் வைத்தாயிற்று, சட்டம்? 1881-ல் சென்னை ராணுவத் தளபதி ராபர்ட்ஸிடம் வேலைக்கு வந்த சேம்பர்லினுக்குக் கோடைவாசம் ஊட்டியில். 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறைச் சுவரிலேயே விதிகளை எழுதித் தொங்கவிட்டார்கள். ‘எங்க மெஸ்ஸுல வேற மாதிரி’ என்று யாராவது ஆரம்பித்தால், சுவரைக் கைகாட்டிவிடலாம்!

இங்கிலாந்தில் எல்லோருக்குமான ஒரே விதித்தொகுப்பு வர 1919 ஆகிவிட்டது. அப்புறமும் இந்த ஆட்டம் யாருடைய மூளையில் பிறந்தது என்று தகராறு. கடைசியில் 1938-ல், ‘நான்தானய்யா’ என்று சேம்பர்லினே பத்திரிகைக்குக் கடிதம் எழுத வேண்டிவந்தது. அப்போது அவருக்கு வயது 82.