காதலர் முதற்சந்திப்பு: தமிழ் இலக்கியத்தில் அதன் வரலாறு

காதலனும் காதலியும் முதன்முதலாக எதிர்ப்படும் சந்தர்ப்பத்தைச் சுவைபடப் புனையும் கலைக்குத் தமிழில் மிகப் பழைய இலக்கண வரம்பு உண்டு. தொல்காப்பியக் களவியல் அச்சந்திப்பை ஊழின் ஆணையாகவே கொள்ளுவதால், இருவரும் எதிர்ப்பட்டதற்குக் காரணம் தேடாமல், கண்ட கணத்தில் உள்ளத்தில் நிகழ்வதையே ஆராய்கிறது. காட்சியை அடுத்துத் தலைவனுக்கு ஐயம் எழுகிறது: எதிரே நிற்பவள் தெய்வ மகளோ, மானிடப் பெண்ணோ? மலரை மொய்க்கும் வண்டும், அணிந்த இழையும், இமைக்கும் கண்ணும், அவள் கொண்ட அச்சமும் அந்த ஐயத்தைக் களைகின்றன. தலைவிக்கு இத்தகைய ஐயம் கூறப்படாததற்கு உரையாசிரியர் இளம்பூரணர் தரும் விளக்கம் மனித சுபாவத்தை நன்குணர்ந்தது. இவன் தெய்வமோ என்று அவள் ஐயுறுவாளாயின் அச்சம் பிறக்குமேயன்றிக் காதல் பிறவாது என்பார். திருக்குறளின் காமத்துப்பாலும் தலைவனின் இந்த ஐயத்தோடுதான் தொடங்குகிறது.

இலக்கணம் விட்ட இடத்தைக் கவிஞர்கள் சம்பவங்களால் நிரப்பினர். 261 அடிகள் கொண்ட குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அமைத்த சந்திப்புக்கு ஈடானது பழந்தமிழில் அரிது. தினைப்புனம் காத்து, அருவியாடி, மலர் பறித்து மகிழ்ந்திருந்த மகளிரை வேட்டை நாய்கள் வளைத்துக்கொள்ள, அவர்கள் நடுங்கி ஒதுங்குகிறார்கள், பின்னே வந்த இளைஞன், தப்பிய விலங்கு இவ்வழி வந்ததோ என்று மென்மொழியால் வினவுகிறான், மறுமொழி இல்லை. விலங்கைப்பற்றிச் சொல்லாவிட்டாலும் போகட்டும், என்னோடு ஒரு வார்த்தை பேசினால் பழியாகுமோ என்று கேட்கிறான். அதற்கும் மௌனமே. பின்னர் மதயானை ஒன்று சினந்து வர, நாணத்தையும் மறந்து அவர்கள் அவன் பக்கம் ஓடிவர, அவன் எய்த அம்பு யானையின் முகத்தில் பாய்கிறது. இவ்வகைச் சந்திப்பு களிறுதரு புணர்ச்சி என்றும், வெள்ளத்தினின்று காப்பது புனல்தரு புணர்ச்சி என்றும் பின்னர் வழங்கலாயின. யானையைக் காட்டிலும் அந்தக் கெஞ்சும் கேள்வியே காட்சிக்கு உயிரூட்டுகிறது.

மாணிக்கவாசகரின் திருக்கோவையார் முதலிய கோவைப் பிரபந்தங்கள் காட்சி, ஐயம், தெளிவு என்னும் கிரமத்தைத் துறைதோறும் ஒரு செய்யுளாக நிலைப்படுத்தின; அதனால் ஒழுங்கு மிகுந்தது, வியப்புக் குறைந்தது.

அவ்வியப்பை மீட்டவர் கம்பர். வான்மீகத்தில் வில்முறிப்பதற்கு முன் இராமனும் சீதையும் ஒருவரையொருவர் காண்பதில்லை. கம்பரோ, முனிவனுடன் மிதிலை வீதியில் நடந்து செல்லும் இராமனையும் கன்னிமாடத்தில் நிற்கும் சீதையையும் காணச்செய்து, ஆரிய காவியத்துள் தமிழ்க் களவு மரபைப் புகுத்தினார். அதனினும் சிறந்தது அவர் ஐயத்தை இடம்மாற்றியது. வில் முறிந்த செய்தி கேட்ட சீதைக்கு, முறித்தவன் தான் கண்டவன்தானோ என்ற கலக்கம் நேர்கிறது. முனிவனோடு வந்தவன் என்று தோழி சொன்ன அடையாளத்தால் தெளிந்தும், அவன் அல்லனாயின் உயிர்துறப்பேன் என்று அவள் உள்ளத்தில் உறுதிகொள்கிறாள். இலக்கணம் தலைவிக்கு மறுத்த ஐயம் இங்கே காதலின் ஆழத்தை அளந்து காட்டுகிறது.

உலாவிலும் குறவஞ்சியிலும் பவனிவரும் தலைவனைக் கண்டு மகளிர் மயங்குவது ஒருதலைச் சம்பிரதாயமாயிற்று.

உரைநடையில் இக்கலையைப் பல்லாயிரம் வாசகர்களின் உடைமையாக்கிய பெருமை கல்கிக்கே உரியது. 1950 முதல் தொடராக வெளிவந்த பொன்னியின் செல்வனில், குடந்தைச் சோதிடர் வீட்டினுள் முன்பின் பாராமல் புகுந்த வந்தியத்தேவன் குந்தவையை அங்கே காண்கிறான். பிறகு அரிசிலாற்றங்கரையில் பெண்களின் கூக்குரல் கேட்டு விரைந்து முதலையின்மீது வேலெறிய, அது உயிரற்ற பொம்மை முதலை என்று அறிந்து வெட்குகிறான். கபிலரின் யானை இங்கே நகைச்சுவையாக உருமாறிற்று. காக்க வந்தவனே கேலிக்கு ஆளாகும் அந்தத் தடுமாற்றத்தில், தான் சுமந்துவந்த ஓலைகளுள் ஒன்று அங்கிருந்த குந்தவைக்கே உரியது என்பதையும் அவன் அறிந்தானில்லை.