பாசிசம்

பாசிசம் (பெயர்ச்சொல்). ‘பாசிஸம்’, ‘ஃபாசிசம்’ என்றும் எழுதுவர். இத்தாலிய மொழியின் ‘ஃபாஷோ’விலிருந்து வந்தது, கட்டு, கற்றை என்று பொருள். அதன் வேர் லத்தீனின் ‘ஃபாஸ்கெஸ்’: ரோமானிய அதிகாரிக்கு முன்னால் ஏவலர் சுமந்து சென்ற, கோடரி செருகிய பிரம்புக்கட்டு. அடிக்கப் பிரம்பு, தலை வெட்டக் கோடரி. ஒளிவுமறைவே கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், 1890களில் இச்சொல் ஏழைகள் வசம் இருந்தது. சிசிலியின் உழவர், தொழிலாளர் சங்கங்களுக்கு ‘ஃபாஷி’ என்றே பெயர். 1919 மார்ச் 23 அன்று மிலானில் தொடங்கிய தன் அமைப்புக்கு முசோலினி அதையே சூட்டிக்கொண்டார். எதிர்ப்பும் சீக்கிரமே கிளம்பியது. 1922 ஆகஸ்டில் பார்மா நகரத் தொழிலாளர்கள் கீதோ பிச்செல்லி தலைமையில் தெருக்களை மறித்து நின்று, முசோலினியின் தளபதி பால்போவின் கருஞ்சட்டைப் படையை வந்த வழியே அனுப்பினார்கள். அக்டோபரில் ஆட்சி முசோலினி கைக்குப் போனது வேறு கதை.

பினாங்குப் பக்கமும் இதன் வால் நீண்டது. ஜப்பானியர் காலத்தில் ஜார்ஜ் டவுன் துறைமுகம் அச்சு நாடுகளின் நீர்மூழ்கித் தளம். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும், சிங்கப்பூரில் நின்ற அதன் ‘ஜூலியானி’ நீர்மூழ்கி ஜெர்மானியர் வசமானது. 1944 பிப்ரவரியில் பினாங்கு நோக்கி வருகையில், மலாக்கா நீரிணையில் பிரிட்டிஷ் நீர்மூழ்கி ‘டாலி ஹோ’ அதை மூழ்கடித்தது.